மதலேன் ரிவாருக்கு நான் சூட்டிய பெயர்

தலைமை தாங்கும் தகைமையாளர், ருவைஸ் தமிழ்ச் சங்கத் தலைவர் சேதுராமன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே! முன்வரிசை மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! டூட்டியை மாற்றிக்கொண்டு ஓடிவந்த தோழர்களே! கௌஸ் முகைதீனின் ஸலாமும் வணக்கமும்.

'குலமும் பெயரும்' என்று தலைப்புத் தந்தார்கள். பேராசிரியர் பேச வேண்டிய பொருள். விசாப் படிவம் தட்டச்சு செய்யும் கடைக்காரன் பேசுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அரபு நாட்டில் பிறர் பெயரைத் தட்டியே பிழைக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

எதியென் என்று இங்கே வேலை பார்க்கும் ஒரு பொறியாளர். கனடாவில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தார். மனைவி மதலேன் ரிவார் அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்கையில் தாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, மனைவியை இங்கே அழைக்க விசாவுக்கு என் கடைக்கு வந்தார். தாள்களைப் பார்த்தேன். மனைவியின் பெயரில் கணவன் பெயரே இல்லை! பாவம், அவசரத்தில் விட்டுவிட்டார் என்று இரக்கப்பட்டேன். ரிவாரை எடுத்தேன், கணவரின் குடும்பப் பெயரைக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

விண்ணப்பம் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், படிவத்தில் ஒரு பெயர். "மாஃபி முஷ்கில் சார், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று வாயால் பந்தல் போட்டேன். திருத்தி அனுப்பி விசா வருவதற்குள் மதலேனுக்கு மாதம் ஏறிவிட்டது. விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பிள்ளை அங்கே பிறந்தது. தகப்பன் இங்கே கைப்பேசியில் அதன் அழுகையைக் கேட்டார்.

என்ன, பின்வரிசைச் சகோதரரே? "அந்த ஆளு ஒம்மள அடிக்கலையா பாய்?" என்கிறீர்களா? அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து மதலேன் கைக்குழந்தையோடு என் கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவரோ ஒரு தாளை விரித்தார். தாய், தாயின் தாய், அவருடைய தாய் என்று பன்னிரண்டு தலைமுறை. ஒவ்வொருவருக்கும் பிறந்த வீட்டுப் பெயர்!

"எங்கள் ஊர்ப் பாதிரிமார்கள் கல்யாணமான பெண்ணையும் அவள் பிறந்த பெயரிலேயே பதிவேட்டில் எழுதினார்கள். அதனால்தான் இவர்களை நான் தேடிப்பிடித்தேன். முந்நூற்றைம்பது வருடம் யாரும் அழிக்காததை நீங்கள் ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டீர்கள்" என்றார்.

"மேடம், மை பிளேஸ், ஹஸ்பண்ட் நேம் ஒன்லி" என்றேன்.

"அப்படியானால் உங்கள் ஊரில் ஒரு தாயை எப்படித் தேடுவீர்கள்?"

சபையோரே! தகப்பன் பெயர் இனிஷியலில் நிற்கிறது. கடைப் பலகையில் தொங்குகிறது. மகனின் பாஸ்போர்ட்டில் பறக்கிறது. பெற்றவள் பெயர் எங்கே நிற்கிறது? எங்கே தொங்குகிறது? எங்கே பறக்கிறது?

உங்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. மூன்றாண்டுக்கு முன் என் தாயார் வஃபாத்தானார்கள். லீவு எடுத்தும் நேரத்துக்குப் போய்ச்சேர வழியில்லை. அதே கடையில், இதே விரல்களால், ஊர்ப் பள்ளிவாசலில் வாசிக்க அறிவிப்பைத் தட்டி அனுப்பினேன். "மர்ஹூம் அகமது கபீர் அவர்களின் மனைவியும், சாகிர், கௌஸ் முகைதீன் ஆகியோரின் தாயாரும் வஃபாத்தாகிவிட்டார்கள்." மறைந்த என் தகப்பனார், என் உடன்பிறந்தவர், நான் என மூன்று ஆண்களின் பெயர் இருந்தது. இறந்தவர் பெயர் இல்லை! எங்கள் தெரு வழக்கம் அது, ஒருவரும் கேட்கவில்லை. மதலேன் போன பிறகு அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஊர் ஒலிபெருக்கியில் ஒலிக்காத பெயரை இந்த ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு இறங்குகிறேன். என்னைப் பெற்றவர் பெயர் ஜுலைஹா பீவி. பின்வரிசைக்கும் கேட்கட்டும்: ஜுலைஹா பீவி!

செவிகொடுத்த சபைக்கு நன்றி. உங்கள் எல்லார் வீட்டிலும் சாந்தி நிலவட்டும், வணக்கம்.