நிழலில் மட்டும் குளிர்ந்த வண்டி

சார், உங்க ரூம் ஏசியில ஃபில்டர் அடைச்சிருக்கு. கழட்டி ஒரு தடவை குழாயடியில அலசினாப் போதும், காத்து நல்லா வரும். யாரும் சொல்லலையா? எனக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டா கை சும்மா இருக்காது. தொழில் அப்படி.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஸ்டேஷன் வெளி பெஞ்சில உக்காந்துக்கிட்டு, தன்னாலதான் அப்பா செத்துட்டார்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அழுதுக்கிட்டிருக்கான். அவங்களும் முதுகைத் தடவிக் குடுக்குறாங்க. அவனுக்கு எப்பவும் அப்படித்தான், தப்புப் பண்ணினாலும் தட்டிக் குடுக்க நாலு பேர் வந்துடுவாங்க. ஆனா இது அவன் பண்ணினது இல்ல, நான் பண்ணினது. இதையும் அவன் பேர்ல எழுத நான் விடமாட்டேன்.

நேத்துக் காலையில தன்னோட எலக்ட்ரிக் காரை என் ஷெட்டுக்குக் கொண்டு வந்தான். ஏசி குளிரல. பார்த்தேன். ஒரு பைப் ஜாயிண்ட்ல ரப்பர் வளையம் வெடிச்சு கேஸ் கசியுது. அதை மாத்திட்டுத்தான் கேஸ் ஏத்தணும், அரை நாள் ஆகும்னு சொன்னேன். போனை எடுத்து ஏதோ வீடியோவை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

"சும்மா கேஸ் மட்டும் ஏத்துடா. இது உன் பழைய டப்பா வண்டி இல்ல. நீ கழட்டி மாட்டினா நாலு சாமான் மிச்சம் வரும்."

என்கிட்ட வேலை பாக்குறவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ள கொதிச்சுது.

ஷெட்டுக்குப் பின்னாடிதான் என் வீடு. அப்பா என்கூட இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. மிஞ்சினது ஒரே ஒரு வார்த்தை, 'பெரியவன்'. குளிப்பாட்டுறது நான், பீ மூத்திரம் அள்ளுறது நான், ஊட்டுறது நான். வாயைத் துடைச்சு விட்டா என் முகத்தைப் பார்த்து "பெரியவன்"ம்பார். மூளையில எந்தச் சொல் தங்குதோ அதுதான் வரும், நீங்க மனசுல வெச்சுக்காதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் வெச்சுக்கல. ஆனா ஆயுசு முழுக்க அவர் பேசின அத்தனை பேச்சுலயும் அதுதானா தங்கணும்? நீங்களே சொல்லுங்க.

அந்தப் பெரியவன் வாரத்துக்கு ஒரு தடவை வருவான். அப்பாவைக் கார்ல வெச்சு ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போவான். தோள்ல கை போட்டு ஒரு போட்டோ எடுத்துப் போடுவான். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு ஊரே கீழ எழுதும். என் பொண்டாட்டி அதை எனக்குப் படிச்சுக் காட்டுவா. எனக்கு வயிறு எரியும், மறைக்க என்ன இருக்கு.

நேத்தும் அப்பாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருந்தான். சரி, அவன் கேட்டதைத்தானே செஞ்சேன். வளையத்தைத் தொடல. கேஸ் கொஞ்சமா ஏத்தினேன். ஷெட் நிழல்ல ஜில்லுன்னு வீசிச்சு. "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னான். ஒரு விஷயத்தை மட்டும் நான் வாயைத் திறந்து சொல்லல. அந்த வண்டியில ஆளுக்கும் பேட்டரிக்கும் ஒரே ஏசிதான். வேகமா சார்ஜ் ஏத்துற இடத்துல பேட்டரி கொதிக்கும். வண்டி இருக்குற குளிரை முதல்ல பேட்டரிக்குக் குடுக்கும், மிச்சம் இருந்தாத்தான் ஆளுக்கு. கேஸ் கம்மின்னா மிச்சமே இருக்காது. அண்ணன் போற வழியில சார்ஜ் போடுவான். அப்பாவை இறக்கி ஏத்த அலுப்பு, அதனால கண்ணாடியை ஏத்தி, ஏசியைப் போட்டு, கதவைப் பூட்டி உள்ளயே விட்டுட்டு எதிர்க்கடையில உக்காந்து காபி குடிப்பான். அப்படி விடாதடான்னு நான் எத்தனையோ தடவை தொண்டை வத்தக் கத்தியிருக்கேன்.

அவனுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்னுதான் நினைச்சேன். திரும்பி வந்து பார்க்கும்போது அப்பா வேர்வையில தொப்பலா நனைஞ்சு உக்காந்திருக்கட்டும், போட்டோ எடுக்குற கை கொஞ்சம் நடுங்கட்டும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அப்பாவைத் தூக்கி முன்சீட்டுல உக்கார வெச்சதும் நான்தான். பெல்ட்டை மாட்டும்போது இடது கையால என் கன்னத்தைத் தடவினார். தடவிட்டு அதே வார்த்தையைத்தான் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

பேனாவை மூடாதீங்க சார், இன்னும் இருக்கு. வெயில் உச்சியில இருக்கும்போது அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். அதை உங்ககிட்ட அவன் சொல்லலல்ல? சொல்ல மாட்டான். தம்பியைக் காப்பாத்துறானாம். இந்தப் பெரிய மனசுதான் சார் என்னை இங்க இழுத்துட்டு வந்துச்சு. இவன் கருணையில நான் காலம் தள்ளணுமா?

"டேய், வண்டிக்குள்ள சூடு ஏறுதுன்னு போன்ல காட்டுதுடா. அப்பா கண்ணாடியைத் தட்டுற மாதிரி இருக்கு. போய்த் திறக்கட்டா?"

குரல்ல பயம் இருந்துச்சு. ஆமான்னு ஒரு சொல் சொன்னாப் போதும், ஓடியிருப்பான்.

"சார்ஜ் ஏறும்போது அப்படித்தான் காட்டும். கதவைத் திறக்காத, உள்ள இருக்குற குளிரும் போயிடும். அப்பா சும்மா வெளிய வரணும்னு அடம் பிடிப்பார். சார்ஜ் முழுசா ஏறட்டும், நீ நிதானமா காபி குடி"ன்னேன்.

"சரிடா, உனக்குத் தெரியாததா"ன்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டான்.

பொறந்ததுலேர்ந்து அண்ணன் என் பேச்சைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான் சார். கண்ணாடி வழியா அப்பா அதைப் பார்த்துட்டுத்தான் போயிருப்பார்.