இம்மீடியட் ஜாய்னர்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பெங்களூருக்கு வெளியே, ஆனேக்கல் தாண்டி ஒரு லேஅவுட். ரோடு போட்டிருக்கிறார்கள், லைட் கம்பம் நட்டிருக்கிறார்கள், வீடு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல மழை. அந்த ரோட்டின் கடைசியில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது... இடது பக்க இண்டிகேட்டர் மட்டும் டிக்... டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

ஹரிஷ், கதை கேட்பதென்றால் முதலில் அந்த ஃபோனைக் கவிழ்த்து வை. கரண்டு வரும்போது வரும். நாளைக்கு உனக்கு க்ளையன்ட் ரவுண்டு இன்டர்வியூ, தெரியும். இருக்கிற பயத்தோடு இதையும் சேர்த்துக்கொள். நாளைக்குச் சொதப்பினால் என்னைத் திட்டக் கூடாது.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு பழைய ப்ராஜெக்டில் இருந்தானே கவின், அவனுடைய அக்கா பிரபா விவேக் நகரில் குடியிருக்கிறாள். அவளுக்குக் கீழ்வீட்டில் நடந்தது. பிரபா கதை கட்டுகிற ஆள் இல்லை. சினிமாவில் பேய் வந்தால் சேனலை மாற்றிவிட்டுச் சமையல் பார்க்கிற ரகம்.

லேஅவுட் வாட்ச்மேன்தான் காரைப் பார்த்தது. கண்ணாடியைத் தட்டினான். "சார்... சார்..." உள்ளே ஒருத்தர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தான். ஈர சீட்டு வாடையும் மல்லிகை ஸ்ப்ரே வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. பக்கத்து சீட்டில் லேப்டாப் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல்... "ஹலோ சாமுவேல்? ஆர் யூ தேர்?" இன்டர்வியூ எடுத்தவர்கள் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம், "நெட்வொர்க் இஷ்யூ போல இருக்கிறது" என்று தங்களுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு கட் பண்ணிவிட்டார்கள்.

பேய் கிடக்கட்டும். எனக்கு இந்தக் கதையில் முதல் வேதனை இதுதான். மாரடைப்பில் மனுஷன் உயிர் போயிருக்கிறது, அவர்களுக்கு அது நெட்வொர்க் இஷ்யூ.

சாமுவேல் கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடின பிறகு பெங்களூருக்கு வந்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து, நம்மைப் போலவே கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தவர். ஆறு மாதம் இந்தக் கம்பெனி, எட்டு மாதம் அந்தக் கம்பெனி. ஒருநாள் கான்ட்ராக்ட் முடிந்தது. நமக்கு எப்படி முடியும் என்றுதான் தெரியுமே... காலையில் கழுத்தில் மாட்டின ஐடி டேகைச் சாயங்காலம் செக்யூரிட்டி கழற்றி வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான்.

அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மனைவி மோனிகா, மகள் நிக்கோல், மூன்றாம் வகுப்பு. தினமும் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த லேஅவுட்டுக்குப் போவார். சத்தம் கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க இன்டர்வியூ. சிரிக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பதில் பார்க்கிங்கில் ஒளிந்து இன்டர்வியூ கொடுக்காதவன் யார், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

சாவதற்கு முந்தின நாள் நிக்கோலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. குழந்தை டான்ஸ் ஆடினாள். அப்பா வரவில்லை, ஒரு இன்டர்வியூ இழுத்துக்கொண்டே போய்விட்டது. மறுநாள் காலையில் மோனிகா பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அந்த ஆபீஸ்தான் பெருசுன்னா அங்கியே இருந்துக்கோங்க. வீட்டுக்கு வராதீங்க."

அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு ஷூவையும் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கோபத்தில் எந்தப் பெண்டாட்டியும் சொல்கிற வார்த்தைதான். சாயங்காலம் அவரும் வந்திருந்தால், காபியைக் கொடுக்கும்போதே மறந்திருப்பாள். வரவில்லையே... அந்த வார்த்தை அப்படியே அவள் தொண்டையில் நின்றுவிட்டது. ஆபீஸுக்குத் தகவல் சொல்லப் போன இடத்தில்தான், அவர் அங்கே வேலை பார்த்தே பல மாதம் ஆகிறது என்று தெரிந்தது. அதற்கப்புறம் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மற்றவர்கள் வேலை கேட்டார்கள், வீடு கேட்டார்கள். "ஒரே ஒரு தடவ அவர்கிட்ட பேசணும், அந்த வார்த்தைய திருப்பி எடுத்துக்கணும். வேற எதுவும் வேணாங்கா" என்று பிரபாவிடம் சொல்லி அழுவாளாம்.

ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஆள் போனாலும் ரெஸ்யூம் போகாது, உங்களுக்கே தெரியும். வேலைவாய்ப்பு சைட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிற கன்சல்டன்சிக்காரர்கள் சாமுவேலின் ஃபோனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மோனிகா அந்த ஃபோனைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். முதலில், "அவரு இறந்துட்டாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், "வெளிய போயிருக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஒருநாள் ராதா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன கன்சல்டன்சி.

"மேடம், சாமுவேல் சார் பக்கத்துல இருக்காரா? வெள்ளிக்கிழம ஃபர்ஸ்ட் ரவுண்டு க்ளியர் பண்ணிட்டாரு. இன்னிக்கு நாலு மணிக்கு ஃபைனல் ரவுண்டு. லிங்க் மெயில் பண்ணிருக்கேன், லேட் பண்ண வேணாம்னு சொல்லுங்க."

மோனிகா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ... அவர்கிட்ட பேசினியாம்மா?"

"பேசினேனே மேடம். கார்ல இருக்கேன், பயங்கர மழை, சிக்னல் கட்டாவுதுன்னாரு."

அது மார்ச் மாதம். பெங்களூரில் ஒரு சொட்டு மழை கிடையாது.

மோனிகா பிரபாவைக் கீழே கூப்பிட்டாள். பிரபா, "எவனோ உன் புருஷன் பேர வச்சு ஏமாத்தறான், போலீஸ்ல குடு" என்றாள். நியாயம்தான், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மோனிகா சாமுவேலின் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். மெயிலில் லிங்க் இருந்தது. நாலு மணிக்கு அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது. இந்த மீட்டிங்கில் நீங்கள் ஏற்கெனவே வேறொரு கருவியிலிருந்து இருக்கிறீர்கள், இங்கேயும் சேர வேண்டுமா என்று.

சேர்ந்தாள். மைக்கும் கேமராவும் ஆஃப். அந்தப் பக்கம் இரண்டு பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஒரு கறுப்புக் கட்டம். அதில் சாமுவேலின் பெயர். கட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது... பின்னாலேயே தகரத்தில் மழை விழுகிற சத்தம். டிக்... டிக்... டிக்...

மோனிகா புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அவருடைய குரல்தான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற அந்தப் பழக்கம்கூட அவருடையதுதான். இரண்டு பேரும் சேர்ந்து துளைத்தார்கள், ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். நல்லாச் சொன்னார் என்று பிரபாவுக்கே புரிந்தது. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. நம் எல்லோரையும் மாட்டிவிடுகிற கேள்வி.

"சாமுவேல், உங்கள் ரெஸ்யூமில் ஒரு வருஷத்துக்கு மேல் கேப் இருக்கிறதே? இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பர்சனல் ரீசன்ஸ் சார்..."

"என்ன ரீசன்?"

அவர் செருமிக்கொண்டார். அப்புறம் தாழ்ந்த குரலில்... "ஒய்ஃப் கோபமா இருக்காங்க சார்... வீட்டுக்கு வராதன்னு சொல்லிட்டாங்க. கார்லயே வெயிட் பண்ணிட்டிருக்கேன் சார்." தமிழிலேயே சொன்னார். வேலை விஷயம் எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னவர், இதை மட்டும் தமிழில்.

பிரபா கையைப் பிடிப்பதற்குள் மோனிகா மைக்கை ஆன் பண்ணிவிட்டாள்.

"ஏங்க... நான் கோவத்துல சொன்னதுங்க அது! வேல போனா போவட்டும்... எனக்கு எல்லாம் தெரியும்... நீங்க வீட்டுக்கு வாங்க. கதவ தொறந்தே வெக்கிறேன்..."

அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சாமுவேலின் பெயரிலிருந்து இன்னொரு குரல் வருகிறது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் தொழிலில் அதற்கு ஒரே பெயர்தானே, ப்ராக்ஸி. ஆள் மாறாட்டம். அதில் ஒருத்தர், "திஸ் இஸ் ப்ராக்ஸி. இன்டர்வியூ முடிந்தது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார்.

"சார்... சார், ஒன் மினிட் சார்... ப்ளீஸ் சார்..." சாமுவேல் கெஞ்சினார். அப்புறம் குரல் இந்தப் பக்கம் திரும்பினதுபோல் இருந்ததாம்.

"மோனி?"

கட்டாகிவிட்டது.

சாகும்போது கிடைக்காத வேலை, செத்த பிறகு கைக்கு எட்டினது. அதையும் ஆசையாகப் பேசின ஒரு பேச்சு கெடுத்துவிட்டது. இதைச் சொல்லும்போது பிரபாவே அழுதுவிட்டாள். ராதா ஃபோன் பண்ணிக் கத்தினாள், சாமுவேல் பெயரை ப்ளாக்லிஸ்ட் பண்ணிவிட்டார்களாம். மோனிகா சிரித்தாளாம். "பரவால்லம்மா. அவரு வீட்டுக்கு வந்துட்டிருக்காரு."

அன்று இருட்டினதும் வாசல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். பிரபா மாடியிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்கிற சத்தம் இல்லை. ஆனால் கீழ்ப்படியில் யாரோ ஷூவைக் கழற்றுவது கேட்டது... ஒன்று... இன்னொன்று. ஈர சீட்டு வாடை மாடிவரைக்கும் வந்தது, கூடவே மல்லிகை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் மோனிகா ஆளே மாறிவிட்டாள். தலைக்குப் பூ, நல்ல புடவை. மீன் குழம்பு வைத்தாள். கடையில் இரண்டு பேருக்குக் காய் வாங்கியவள் மூன்று பேருக்கு வாங்கினாள். பார்க்கிறவர்கள் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். படுக்கை அறைக் கதவு மட்டும் பகலெல்லாம் சாத்தியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரபா வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனாள். மோனிகாவை அவள் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே கால் வைத்ததுமே மோனிகா உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்... மெதுவாக்கா. இன்டர்வியூ கால்ல இருக்காரு."

நிக்கோல் தரையில் உட்கார்ந்து சத்தம் வராமல் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். சாத்தின கதவுக்குப் பின்னால் சாமுவேல் பேசிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கிற குரல் கேட்கவில்லை, பதில் மட்டும் கேட்டது.

"யெஸ் சார்... இம்மீடியட் ஜாய்னர் சார்."

எவனாவது உடனே வந்து சேருகிறேன் என்று சொன்னால் கம்பெனிக்கு எவ்வளவு பிடிக்கும்? நாமும் அதைத்தானே முதலில் சொல்கிறோம்.

"ரிலொகேட்டா... யெஸ் சார். எங்க வேணா வரேன் சார்."

மோனிகா பெருமையாகப் பிரபாவைப் பார்த்தாள். கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று தலையை ஆட்டினாள்.

உள்ளே செருமல்.

"ஃபேமிலியோடதான் சார் வருவேன்... மொத்தம் த்ரீ மெம்பர்ஸ் சார்."

மோனிகாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. மகளைப் பார்த்தாள். நிக்கோல் தலை நிமிராமல் வானத்துக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். மோனிகா அவளைத் தூக்கி நிறுத்தினாள், நெற்றியில் சிலுவை போட்டாள், கையைப் பிரபாவின் கையில் திணித்தாள்.

"இவள மேல கூட்டினு போங்கக்கா. இப்பவே. நா கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க."

"நீயும் வாடி!"

"அவர மறுபடியும் போங்கன்னு சொல்ல என்னால ஆவாதுக்கா."

பிரபா குழந்தையை இழுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தாள். மோனிகா படுக்கை அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சு நின்றது. அப்புறம் அந்தக் குரல்... ரொம்பப் பணிவாக...

"சாரி சார்... ஸ்மால் கரெக்‌ஷன்... டூ மெம்பர்ஸ்."