ஊசி நின்ன இடம்

அட, அதக் கேக்குறீங்களா? மேஜை விரிப்பத் தூக்கிக்கிட்டுப் புல்லுல ஓடினதையா? அது சும்மா ஒரு கூத்து தம்பி. இங்க யார வேணா கேட்டுப் பாருங்க, ரூடின்னா ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவான்னு அத்தன பேருக்கும் தெரியும். போன ஜூன்ல, ஓடுதளத்துல எல்லாரும் கூடிப் பான்கேக் சுட்டுத் தின்னுற இதே சனிக்கிழமையில, தலையில வாளியக் கவுத்துக்கிட்டு விமானத்துக்கெல்லாம் வழி காட்டினேன். இன்னைக்கும் எல்லாரும் சிரிச்சாங்கல்ல? நீங்களும்தான் சிரிச்சீங்க, பாத்தேன். அப்புறம் என்ன.

உக்காருங்க. ஆ, அது இல்ல, அது என் நாற்காலி. நீங்க இதுல உக்காருங்க, ஜாக்கெட் தொங்குதே, இதுல. உங்களுக்கு வானம் தெரியும். எனக்கு இந்தக் கொட்டகைச் சுவரு தெரிஞ்சாப் போதும். கழுத்துப் பிடிச்சிருக்கு, அண்ணாந்து பாக்க முடியல. நீங்க பாத்து என்கிட்ட சொல்லிட்டே இருங்க. மஞ்சள் விமானம், மேல ஒரு ஜோடி கீழ ஒரு ஜோடின்னு இறக்கை இருக்கும். ஆமா, அதான். அதான் எல்டன். நேராப் போறானா? சரி, நேராப் போகட்டும்.

ம்? ஜாக்கெட்டுக்குள்ள மணி அடிக்குதா? அது எல்டனோட ஜாக்கெட். ஃபோன விட்டுட்டுப் போயிருக்கான். கூப்பிட்டது நான்தான். மேல எடுத்துட்டுப் போயிருக்கானான்னு பாத்தேன். இல்ல. விடுங்க, அணைச்சிட்டேன்.

உங்க விஷயத்துக்கு வருவோம். டெலோரஸ் சொன்னா, அதோ, கரண்டியோட நின்னு பான்கேக் திருப்புறாளே, எல்டன் சம்சாரம், அவ சொன்னா. நீங்க கார் ஷெட்டுல நாலு வருஷமா குட்டிக்கரண விமானம் ஒண்ணு கட்டுறீங்களாம். மீட்டர் பலகையில ஒரே ஒரு ஓட்டை பாக்கியாம். அதுல ஜி மீட்டர் வைக்கணுமா வேண்டாமான்னு எல்டன்கிட்ட கேக்க வந்தீங்களாம். சரியான ஆளுகிட்டத்தான் வந்தீங்க, ஆனா ஆளு மேல இருக்கான். நான் சொல்றேன். அந்த ஓட்டையில காபி டம்ளர் வைங்க.

சிரிக்காதீங்க, பதினஞ்சு வருஷமா நான் இதத்தான் சொல்லிட்டு வர்றேன். ஜி மீட்டர் என்ன சொல்லும்? நாலுன்னா உங்க எடை நாலு மடங்கு ஆயிருச்சுன்னு சொல்லும். அத ஒரு கடிகாரம் வந்து சொல்லணுமா? கன்னம் தொங்கி மோவாய்க்கு வருது, தொப்பை மடியில உக்காருது, பின்பக்கம் நாற்காலியோட ஒட்டிக்குது. எனக்குப் பின்பக்கமே மீட்டர்னு சொல்வேன். அதுக்கு எல்டன் இருக்கானே, அவன் பேசினா ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுத்தான் வெளிய விடுவான், மூக்குக் கண்ணாடிய இப்படி இறக்கிக்கிட்டு... ரூடி. உன். பின்பக்கம். பொய் சொல்லும். ஊசி. சொல்லாது. அவ்வளவுதான். கண்ணாடிய ஏத்திக்குவான். வேலையப் பாப்பான்.

என்ன, உருளுறானா? எந்தப் பக்கம்? இடது. சரி, அது முதல் ஐட்டம். அப்புறம் ஒரு வளையம் போடுவான். பெருசா, மெதுவா, கல்யாண வீட்டுல பாட்டிகள நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி. பயப்பட ஒண்ணும் இல்ல. மூணரைக்கு மேல போகாது.

எனக்கு எப்படித் தெரியும்னா, அவன் போடுற அஞ்சு ஐட்டமும் ஒரு அட்டையில வரைஞ்சு பலகையில ஒட்டியிருக்கான். வரிசை மாறாது. இவன் ஆணி அடிச்சாக்கூட வரிசை நம்பர் போட்டுத்தான் அடிப்பான்.

எடைன்னா உயிரு அவனுக்கு. பாத்த இரும்புலயெல்லாம் ஓட்டை போட்டுருவான், எடை குறையுதாம். ஒருநாள் என் சாண்ட்விச்சுல ஓட்டை போட்டுக் கொடுத்தேன், நீ சாப்பிட்டா விமானம் பாரமாயிரும்னு. சிரிக்கவே இல்ல, தின்னுட்டான். ரேடியோ கூட வைக்கல தம்பி. இந்தப் புல் ஓடுதளத்துக்கு ரேடியோ எதுக்கு, காதுல எவனாவது பேசிட்டே இருந்தா நான் எதுக்கு மேல போகணும்ங்குறான். ரேடியோவுக்கு இடம் இல்ல, ஆனா ஜி மீட்டர் மட்டும் நட்ட நடுவுல, சாமி படம் மாட்டின மாதிரி. நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறீங்க. இன்னைக்கு ஒரு ரேடியோ இருந்தா... சரி விடுங்க.

வளையம் முடிஞ்சுதா? வட்டமா இருந்துச்சா? அவனுக்கு வட்டமாத்தான் வரும். எனக்குத்தான் முட்டை மாதிரி வரும்.

காபி ஆறுது பாருங்க, குடிங்க.

அந்த மீட்டர் எப்படின்னு தெரியுமா உங்களுக்கு? மூணு ஊசி. ஒண்ணு அப்பப்போ நடக்குறதக் காட்டும், ஆடிட்டே இருக்கும். மத்த ரெண்டும் சாட்சிக்காரங்க மாதிரி. ஒண்ணு எவ்வளவு தூரம் மேல போச்சோ அங்கயே நின்னுக்கும், இன்னொண்ணு எவ்வளவு கீழ போச்சோ அங்க நிக்கும். இறங்கி வந்தாலும் அசையாது. எஞ்சின அணைச்சாலும் அசையாது. பக்கத்துல ஒரு குமிழ் இருக்கும், அத விரலால அமுக்கினாத்தான் பழைய இடத்துக்கு வரும்.

அதனால எல்டன் ஒரு சட்டம் வச்சிருக்கான். இறங்கினதும் பெல்ட்டக் கழட்டுறதுக்கு முன்னாடி ஊசியப் பாக்கணும், நோட்டுல எழுதணும், அப்புறம்தான் குமிழ அமுக்கணும். அந்த விமானத்த ஓட்டுறது ரெண்டே பேரு, அவன், அப்புறம் நான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஆறுல சிவப்புக் கோடு. ஊசி ஆறத் தாண்டியிருந்தா, அன்னைக்கோட பறக்குறது நிறுத்தம். இறக்கையில துணியக் கிழிச்சு உள்ள பாக்கணும். இறக்கைக்கு முதுகெலும்பு மாதிரி நீளமா ஒரு மரச்சட்டம் ஓடுதுல்ல, உங்களுக்குச் சொல்லணுமா, நீங்களே கட்டுறீங்க. அது அதிகமா வளைஞ்சா உள்ளுக்குள்ள முடி மாதிரி விரிசல் விடும். வெளிய ஒண்ணும் தெரியாது. துணி அழகா மூடியிருக்கும், பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

அந்தத் துணி டெலோரஸ் தைச்சது. மெழுகு நூலு, நீள ஊசி. இறக்கைக்கு அந்தப் பக்கம் எல்டன், இந்தப் பக்கம் அவ. ரெண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு குளிர்காலம் முழுக்கத் தைச்சா. விரலெல்லாம் கிழிஞ்சு போயி, சர்ச்சுல பியானோ வாசிக்க முடியாம உக்காந்திருந்தா. அதக் கிழிக்கணும்னா இந்தக் கோடை போச்சு, எல்டன் பேரு கொடுத்திருக்குற குட்டிக்கரணப் போட்டி போச்சு. எல்டனுக்கு எழுபத்தி மூணு. டாக்டர் அடுத்த வருஷம் பறக்கக் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ. இந்தக் கோடைதான்னு அவனே சொல்லிட்டான்.

இப்போ செங்குத்தா ஏறுறானா? சத்தம் கேக்குது. உச்சியில போயி நிப்பான், அப்படியே பக்கவாட்டுல திரும்பி அதே கோட்டுல இறங்குவான். மூணாவது. பாருங்க, பாத்துட்டே இருங்க. இறங்கிட்டானா? ரெண்டு பக்கமும் சமமா இருக்கா? இறக்கைதான். ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

பாராசூட்டா? இருக்கு, இருக்கு, அது மேலதான் உக்காந்திருக்கான். ஆனா கடைசி ஐட்டத்துக்கு அவன் வர்ற உயரத்துல பாராசூட்டும் ஒண்ணுதான், குடையும் ஒண்ணுதான்.

இன்னொரு கூத்து சொல்றேன் கேளுங்க. எஞ்சின் ஓடுறப்ப பேசினா கேக்காதுல்ல, அணைக்கணும்னா நாங்க இப்படிக் கழுத்துல கைய வச்சு அறுக்குற மாதிரி காட்டுவோம். அது காட்டினா யாரா இருந்தாலும் உடனே அணைக்கணும், அது சத்தியம் மாதிரி. முதல் வருஷம் எல்டன் கிளம்புறப்ப நான் ஓடிப்போயி காட்டினேன். பதறி அணைச்சிட்டான். என்னடா? என்னடா ஆச்சு? உன் ஷூ கயிறு அவுந்திருக்குடான்னேன். அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் காட்டுவேன். இப்பெல்லாம் அவன் அணைக்கிறது இல்ல. திருப்பி எனக்கே கழுத்த அறுத்துக் காட்டிட்டு, பல்லக் காட்டிட்டுப் போயிருவான். சிரிக்காத மனுஷன் சிரிக்கிறது அந்த ஒரு இடத்துலதான்.

நானா? கடைசியா வியாழக்கிழமை ஓட்டினேன். நல்ல காத்து. அந்த செங்குத்து இருக்குல்ல, உச்சியில நின்னு திரும்புறது, அங்க போயி நிக்கிறேன், கீழ நம்ம சோளக்காட்டுக்காரன் டிராக்டர்ல போறான். அவனுக்குக் கை காட்டினேன். புத்திய பாருங்க. வேகம் செத்துப்போச்சு. திரும்ப வேண்டிய நேரம் தாண்டிருச்சு, விமானம் பின்னாலயே வழுக்கிப் புரண்டு மூக்கு நேரா பூமிக்கு. விமானத்தோட முன்கண்ணாடி நிறைய சோளம். ஒவ்வொரு தட்டையா எண்ணலாம் போல இருந்துச்சு. இழுத்தேன். வேற என்ன பண்ணுவீங்க, இழுத்தேன். பார்வை முதல்ல சாம்பல் நிறமாச்சு, அப்புறம் இருட்டிருச்சு. காதுல ஒரு சத்தம். டக்குன்னு. காஞ்ச சுள்ளிய முறிச்ச மாதிரி. ஒருவேளை என் கழுத்தாக் கூட இருக்கலாம்.

நோட்டுலயா? நோட்டுல நாலரைன்னு இருக்கு. என் கையெழுத்துதான்.

ஊசி நின்ன இடம் ஏழரை.

ஆமா. அன்னைக்கு நான் இறங்கினதும் எல்டன் அந்தக் கோடியிலேர்ந்து ரெண்டு கையிலயும் காபியோட நடந்து வர்றான். அறுபது அடி இருக்கும். நான் ஊசியப் பாக்குறேன், அவனப் பாக்குறேன். பதினஞ்சு வருஷமா பின்பக்கமே மீட்டர்னு பீத்தின வாயி. இன்னும் அம்பது அடி. விரலு தானாப் போயி அமுக்கிருச்சு தம்பி. அவ்வளவு சின்னக் குமிழு. அவன் வந்து நோட்டப் பாத்தான், கண்ணாடிய இறக்கினான். ரூடி. இன்னைக்கு. கனவான் மாதிரி. ஓட்டியிருக்க. அப்படின்னான். காபியக் கொடுத்தான். சக்கரை போட்டிருந்தான், எனக்குப் பிடிக்கும்னு.

இறக்கையெல்லாம் தட்டிப் பாத்தேன், அவன் போனப்புறம். நல்லாத்தான் கேட்டுச்சு. நாளைக்குச் சொல்லிரலாம்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை மழை, எப்படியும் பறக்க மாட்டான், சனிக்கிழமை காலையில மொத வேலையா சொல்லிரலாம்னு நினைச்சேன். இன்னைக்கு வந்து சேர்றேன், எஞ்சின் ஓடிட்டிருக்கு.

காட்டினேன். அதக் கேக்குறீங்களா? காட்டினேன். முன்னாடி போயி நின்னு ரெண்டு கையாலயும் கழுத்த அறுத்து அறுத்துக் காட்டினேன். அவனும் எனக்குக் காட்டினான். பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சான். கிளம்பிட்டான். அதுக்கப்புறம்தான், இறங்கி வாடான்னு காட்ட அந்த மேஜை விரிப்பு. அதப் பாத்து மேலேர்ந்து இறக்கைய ஆட்டி வணக்கம் வேற சொன்னான்.

வேண்டாம், டெலோரஸக் கூப்பிடாதீங்க. சொல்லி? அவ என்ன, கீழ வலை விரிச்சுப் பிடிப்பாளா? இன்னும் ஒரு நிமிஷம் அவ பான்கேக் திருப்பட்டும்.

நாலாவது முடிஞ்சுதா? தலைகீழாப் போனானா? நேரானானா? அப்போ மேல ஏறிட்டிருப்பான். கடைசி ஐட்டத்துக்கு உயரம் வேணும். உச்சியிலேர்ந்து முழு வேகத்துல இறங்கி, இங்க நம்ம தலைக்கு மேல இழுப்பான். அஞ்சு. அஞ்சேகால் கூட வராது. ஊசியப் பாத்துக்கிட்டே இழுப்பான், அதத்தான நம்புறான்.

மூக்கு இறங்குதா?

சத்தம் ஏறுது பாருங்க. தம்பி, நீங்க கண்ண மூடாதீங்க, நான் மூடியிருக்கேன், ரெண்டு பேரும் மூடிட்டா எப்படி? உங்க ஓட்டையில அந்த மீட்டர மாட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம் அத. இப்போ இழுப்பான். இழுத்துட்டானா? சொல்லுங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு. எண்ணிச் சொல்லுங்க.