கீழ் லயத்துக்கு வந்த தாள்

— ஒரு எழுத்து மாத்தக்கூடாது, நீலாவதி. கோயில் நூற்றாண்டு மலர்ல நான் எழுதினது அப்படியே வரணும். "பிரதமராக நாட்டை அத்தனை காலம் ஆண்ட மனிதர், நம் தோட்டத்துக் கீழ் லய வீடுகளில் இருந்த பத்தொன்பது குடும்பங்களை ஏமாற்றி நடுத்தெருவில் நிறுத்தினார்." கேட்டுக்கோ, இந்த வரிக்காகத்தான் நான் பேனாவே எடுத்தேன்.

— அந்த வரிதான் வராது மாமா.

— ஏன், அந்த ஆளு உனக்கு என்ன முறை?

— முறையும் இல்ல, உறவும் இல்ல. அவர திட்டுறதுக்கு என்கிட்டயே ஒரு மூட்டை இருக்கு. எங்கம்மா இந்த மலையில பொறந்து, இந்த மலையில கொழுந்து கிள்ளி, சாகுற அன்னிக்கும் குடியுரிமை இல்லாத சிவப்பு கார்டுதான் வச்சிருந்தாங்க. நீல கார்டு கேட்டு எத்தன ஆபீஸ் படி ஏறுனாங்கன்னு எனக்குத் தெரியும். அத எழுதுங்க, மொதப் பக்கத்துல போடுறேன்.

— ரெண்டு பேரும் ஒரே ஆளத்தானே திட்டுறீங்க, அதுக்கு எதுக்குலா சண்ட? ரோடு யாரு காலத்துல வந்துச்சு? கோலா தெர்லாவுல விடிகாலைல கோஸ் ஏத்துனா, சாப்பாட்டு நேரத்துக்குள்ள கோலாலம்பூர்ல எறக்கிடுறேன். என் லோரிய கேளுங்கப்பா, அவரு அருமைய அது சொல்லும்.

— குகனேஸ்வரா, லோரிய கேட்டு ஓட்டுப் போடுற ஆளு நீ. அப்பன் பேசுறப்ப வாய மூடு.

— மூடிட்டேன் லா.

— ரோடாம் ரோடு. அந்த ரோட்டுலதான் நம்ம சனத்த ஏத்தி எறக்கிவிட்டான். தோட்டம் தோட்டமா துண்டு போட்டு வித்தப்ப அவன் என்ன பண்ணான்? கோலாலம்பூர்ல ரெட்டைக் கோபுரம் கட்டி அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தான். கீழ குனிஞ்சு பாத்தானா?

— குனியல மாமா. அதுக்கு நான் மறுப்பு சொல்லல.

— அப்புறம் என்ன? பிரிஞ்சாங் டவுன்ல மேடை போட்டு, தோட்டத்து ஆளுங்களுக்கும் சொந்த வீடு வேணும்னு பேசினான். நம்ம சனம் மழையில நின்னு கை தட்டுச்சு. மறுநாளே தாள் வந்துச்சு. பத்தொன்பது வீட்டாளும் கைநாட்டு வச்சாங்க. மூணாம் மாசம் லோரி வந்து சட்டி பானைய அள்ளிப் போட்டுக்கிட்டுப் போச்சு. இதுக்குப் பேரு ஏமாத்து இல்லையா?

— அந்தத் தாள் இதோ. எங்கம்மாவோடது. கார்டோட சேத்து பிளாஸ்டிக் பையில மடிச்சு வச்சிருந்தாங்க. இதுல அவரு கையெழுத்து எங்க? காட்டுங்க.

— கீழ இருக்கும், பாரு.

— இல்ல மாமா. தோட்டத்து மேனேஜரு கையெழுத்துதான் இருக்கு. அவரு வந்து போன மறுநாள் வந்ததால, அவரு குடுத்த வீடுன்னு சனங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் முப்பது வருசம் பிள்ளைங்களுக்கு மலாய் சொல்லிக் குடுத்தவ. இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? நிர்வாகம் கேட்டா பிண்டா ஆகச் சம்மதம்னு எழுதியிருக்கு. வெறும் பிண்டா.

— பிண்டான்னா எடம் மாறிப் போறதாச்சே அக்கா! பேரு மாத்திக் குடுக்குறதுன்னா பிண்டா மிலிக்னு இருக்கணும். லோரிய என் பேருக்கு மாத்துனப்ப கிராண்ட்ல அப்படித்தான் போட்டிருந்தான்.

— அதேதான் தம்பி. மிலிக்னு ஒரு சொல்லு இல்ல. வீட்ட உங்க பேருக்கு மாத்துறோம்னு படிச்சுக் காட்டுனதால நம்ம சனம் விரல வச்சுது. வீட்ட காலி பண்ணுறோம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. அவரு மேல ஆயிரம் பழி இருக்கட்டும் மாமா. இது அவருது இல்ல.

— அப்ப யாருதுங்கிற?

— படிச்சுக் காட்டுனவங்களோடது. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வீட்டு வாசல்ல வரிசையா நிக்கவச்சு படிச்சாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. கிராணின்னா உங்கப்பாதானே?

— நாக்க அடக்கிப் பேசு. கிராணி சின்னையா பேரு இந்தக் கோயில் மண்டபத்துல கல்லுல இருக்கு. துரையே எந்திரிச்சு நின்னு பேசுன மனுசன் அவரு.

— அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்தேன். அந்தப் பத்தொன்பது வீட்டுப் பேரப்பிள்ளைங்களும் திருவிழாவுக்கு வராங்க. பொய்ய அச்சடிச்சு அவங்க கையில குடுக்க மாட்டேன். அந்த வரிய எடுத்துடுங்க, நானும் இந்தத் தாள மடிச்சு வச்சுடுறேன்.

— எடுக்க மாட்டேன்.

— அப்படின்னா தாளும் அச்சுல ஏறும். கீழ, "படித்துக் காட்டியவர் கிராணி சின்னையா"ன்னு போடுவேன். அப்புறம் மண்டபத்துக் கல்ல என்ன பண்ணுறதுன்னு கமிட்டி பாத்துக்கும்.

— அக்கா, தாத்தாவ எதுக்கு இழுக்குறீங்க? செத்தவருலா.

— செத்தவர இழுத்தது நான் இல்ல தம்பி. உங்கப்பா எழுதுன வரி.

— நீலா.

— சொல்லுங்க மாமா.

— எங்கப்பா பேர போடாத.

— வரிய எடுத்துடுறீங்களா?

— வரியயும் எடுத்துடு. தாளயும் போடு. பேர மட்டும் மாத்திப் போடு. எங்கப்பாவுக்கு இங்கிலீசு தெரியும், தமிழ் தெரியும். மலாய் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது.

— அப்ப படிச்சது?

— இராமையான்னு என் பேர போடு. அப்ப லயத்துலயே மலாய்ல பரீட்சை தேறுனவன் நான் ஒருத்தன்தான். பிண்டான்னா மாத்துறதுன்னு நான் வாசிச்சதுமே வீடு நமக்குத்தான்னு உங்கம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க. மொத்தச் சனமும் கும்புட்டுச்சு. நானும் ஆமான்னுட்டேன்.

— தெரியாமப் படிச்சதுதானேப்பா? சின்ன வயசு. அதுக்கு யாரு உங்கள குத்தம் சொல்லப் போறா?

— அடுத்த வரியிலயே வீட்ட காலி பண்ணச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா. கிராணி மகன் தப்பாப் படிச்சான்னு பேர் வந்துடுமேன்னுதான், கடைசி ஆளு விரல் வைக்கிற வரைக்கும் வாயத் தெறக்காம நின்னேன்.