தறிக்கூடத்துக் குரல்

"மெதுவாத்தானுங்கக்கா சொன்னேன், பஸ்ஸே நின்னுபோச்சு!"

சூலூரிலிருந்து கோவை வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய குரல்கள்.

"அப்படி என்ன கண்ணு சொன்னே?"

"நேத்து இதே பஸ்ல ஒருத்தன் இடுப்புல கை வெச்சான். 'கையை எடுடா'ன்னேன். டிரைவர் பிரேக்கே போட்டுப்போட்டாரு! பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துப்போட்டோம்!"

"அப்படிப் போடு அம்மணி! ஊட்டுல சொன்னியா?"

"ஐயோ, சொன்னா இனி வேலைக்கே போக வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்க. ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுங்கக்கா."

அவள் கிசுகிசுத்தது கடைசி இருக்கைவரை கேட்டது. கண்டக்டர் முதல் எல்லோரும், ஒன்றும் கேட்காததுபோல் அவசரமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.