நாலாவது மாடிச் சாவி

ரெனெல்: ...எத்தனை தடவை தட்டினாலும் திறக்க மாட்டேன். போடா.

டேவான்: அக்கா, நண்டு ஆறுது.

ரெனெல்: நண்டா?

டேவான்: ஒரு டஜன். மசாலா தூக்கலா போடச் சொன்னேன்.

ரெனெல்: படியில வச்சிட்டுப் போ. நண்டு மேல எனக்குக் கோவமில்லை.

டேவான்: நான் ஜெயிச்சுட்டேன்க்கா. மத்தியானம்தான் ஜட்ஜ் சொன்னாரு. அந்த மோட்டார்பைக் திருட்டுக் கேஸே இல்லைன்னுட்டாங்க.

ரெனெல்: சந்தோஷம். ஒன்றரை வருஷம் தம்பியைக் காட்டிக்குடுத்தவள்னு பேர் வாங்கிக் குடுத்தே. அம்மா சர்ச்சுல என்னைப் பாத்ததும் வேற வரிசைக்கு மாறி உக்காந்தாங்க. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வான்கோழி வெட்டறப்போ என்னை யாரும் கூப்பிடலை. இப்ப நண்டு.

டேவான்: அதைச் சொல்லத்தான் வந்தேன்...

ரெனெல்: சொல்லேன். வாய்ல என்ன, நண்டா?

டேவான்: நீ கூட்டிப் பெருக்கற கட்டடம், நாலாவது மாடி, காலி வீடு. சாவி உன்கிட்ட மட்டும்தான். நான் அங்க ஒளிஞ்சிருந்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். போலீஸ் நேரா வந்து அந்தக் கதவை உடைக்குது. ரிப்போர்ட்ல 'நம்பகமான ஒருத்தர் குடுத்த தகவல்'னு எழுதியிருக்கு. நான் யாரைன்னு நெனைப்பேன்?

ரெனெல்: என்னைக் கேட்டிருக்கலாம்.

டேவான்: ...ஆமா.

ரெனெல்: ம். அப்புறம்?

டேவான்: அந்த நம்பகமான ஆள் ஒரு பொட்டி, அக்கா.

ரெனெல்: என்ன பொட்டி?

டேவான்: கார்ல வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தியிருக்கானுங்க. செல்போன் டவர் மாதிரி நடிக்குமாம். என் போன் அதை நம்பி, 'இதோ இருக்கேன்'னு சொல்லிடுச்சு.

ரெனெல்: உன் போனும் உன்னை மாதிரிதான். யாரை வேணா நம்பும், கூடப்பொறந்தவளைத் தவிர.

டேவான்: திட்டிக்கோ. ஆனா கேளு... வாரண்ட் கிடையாது. ஒரு ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அந்தத் தெருவுல இருந்த அத்தனை பேர் போனையும் துழாவியிருக்கு அந்தப் பொட்டி. வெளிய தெரியக்கூடாதுன்னுதான் 'ஒருத்தர் சொன்னார்'னு எழுதிட்டானுங்க.

ரெனெல்: போலீஸ்காரன் ஒத்துக்கிட்டானா?

டேவான்: லேசுல இல்லை. கூண்டுல உக்காந்துகிட்டு, 'பொட்டியைப் பத்தி வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்'ங்கிறான். ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டினாரு. 'உங்க கையெழுத்துக்கும் என் கோர்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? பதில் சொல்லு, இல்லைன்னா உள்ள போவே'ன்னாரு. கக்கிட்டான். வாரண்ட் இல்லாம வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தது தப்பு, அதால கெடைச்சது எதுவும் செல்லாதுன்னு ஜட்ஜ் ஒரே போடா போட்டாரு.

ரெனெல்: மஞ்ச டை கட்டினவன்தானே? வெளிய வந்து குழாய்த் தண்ணியா குடிச்சுத் தள்ளினானே...

டேவான்: அவனேதான். மூஞ்சி... அக்கா. உனக்கெப்படித் தெரியும்?

ரெனெல்: நண்டு ஆறுதுன்னியே.

டேவான்: பேச்சை மாத்தாதே. எனக்கும் ஒண்ணு புரியலை. நம்ம இலவச வக்கீல் மிஸ் பெட்டிஃபோர்ட், அவன்கிட்ட முதல் கேள்வியே 'அப்படி ஒரு ஆளே கிடையாது, இல்லையா?'ன்னு கேட்டாங்க. எப்படி அவ்ளோ உறுதியா கேட்டீங்கன்னா சிரிக்கிறாங்க.

ரெனெல்: சிரிப்பாங்க.

டேவான்: அக்கா... மன்னிச்சிடு. சத்தியமா. அம்மா கார்லதான் இருக்காங்க. இறங்க வெக்கப்படறாங்க.

ரெனெல்: வரச் சொல்லு. இரு, கதவுச் சங்கிலியை எடுக்கிறேன்.

டேவான்: நீ கோர்ட்டுக்கு வந்தியா? நான் மூணு நாளும் திரும்பித் திரும்பிப் பாத்தேனே.

ரெனெல்: சாட்சியை முன்னாடியே உள்ள விடமாட்டாங்கடா. வராண்டா பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்.

டேவான்: சாட்சியா? நீ கூண்டுல ஏறினா, என்னை ஒளிச்சு வச்சதுக்கு உன்னைப் புடிச்சு உள்ள போட்டிருப்பாங்களே!

ரெனெல்: போடட்டும்னுதான் உக்காந்திருந்தேன். அவங்க எழுதினது பொய்னு உனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, நான் போய்ச் சொல்ற வரைக்கும் வக்கீலுக்கும் தெரியாது. நான் சொல்லலைங்கிறது இந்த ஊர்லயே எனக்கு ஒருத்திக்குத்தானேடா தெரியும்?