மூன்றாம் ஸ்டோரில் ஒரு புள்ளி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். உரத்துச் சொல்கிற கதையில்லை. நம்முடைய நாகேந்திரத்தின் மாமன் மகன் பூபாலசிங்கத்துக்கு நடந்தது.

2008, கொழும்பில் யுத்த காலம். விடிய ஐந்தரை மணி. வத்தளையில் பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக் கம்பனிக்குப் போகிற அந்த ஒற்றை ரோட்டில் பூபாலசிங்கம் நடக்கிறான். ஈ காக்கை இல்லை... அவனுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும். அவன் பயந்தது பேய்க்கில்லை. அந்த நாட்களில் நம்மைப் பயமுறுத்தப் பேய் தேவைப்படவில்லை, பின்னால் ஆள் கடத்துகிற வெள்ளை வான் ஒன்று வந்தால் போதும்.

அவனுடைய வேலை திரை பார்ப்பது. குண்டுகள் வெடிக்கத் தொடங்கியபின் கம்பனி எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டிவிட்டது. யார் எந்தக் கட்டடத்தில், எந்த மூலையில் நிற்கிறார் என்று திரையில் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி காட்டும். கேற்றைத் தாண்டினால் புள்ளி அணைந்துவிடும்.

ஒரு மத்தியானம் கேற்றிலிருந்து போன். "தங்கையா கொஹேத?" எங்கே நிற்கிறான் என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். ஏன், எதற்கு என்று இவன் கேட்கவேயில்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது, தேயிலைப் பெட்டி அடுக்குகிற மூன்றாம் ஸ்டோர் என்று.

ஐந்து நிமிடம்... ஜன்னலால் பார்க்கிறான். மூட்டை தூக்குகிற தங்கையாவை நம்பரில்லாத வானுக்குள் தள்ளுகிறார்கள். கழுத்தில் அட்டை ஆடுகிறது. வான் கேற்றைத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பித் திரையைப் பார்த்தால்... தங்கையாவின் புள்ளி மூன்றாம் ஸ்டோரில் நிற்கிறது.

அடுத்த நாளும் நின்றது. பூபாலசிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். பெட்டிகளுக்கிடையில் ஒருவருமில்லை. தேயிலை மணம்... அதற்குள்ளே புது வேர்வை மணம். சாப்பாட்டு மணி அடித்து எல்லாப் புள்ளியும் கன்ரீனுக்குப் போனாலும் அது அசையாது. இவன் காட்டிக்கொடுத்த இடத்திலேயே நின்றது.

நாலாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கையாவின் மனைவி அங்கம்மா கேற்றடிக்கு வந்தாள்.

"பொலிஸில எழுத மாட்டேங்கிறாங்க, சேர். அவர் உள்ளதான் இருக்காருன்னு கம்பியூட்டர் சொல்லுதாம். உள்ள இருக்கிற மனுசன நாங்க எங்க போயி தேடுறதுன்னு கேக்கிறாங்க. நீங்க ஜன்னல்ல நின்னு பார்த்ததா கூட வேல செய்றவங்க சொன்னாங்க. வெளிய கொண்டுபோனாங்கன்னு ஒரு கடுதாசி குடுங்க, சேர்."

எழுதிக் கொடுத்தால் அடுத்த வான் தனக்கு. வெள்ளவத்தையில் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். "பாப்பம், அம்மா" என்றான். நாற்பது நாள் அவள் வந்தாள், நாற்பது நாளும் 'பாப்பம்' என்றான் பாவி. நான் அவனைத் திட்டவில்லை. அவனுடைய இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நாற்பத்தோராம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. திகதி, நேரம், 'என் கண்ணால் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தான். அன்று பின்னேரமே பொலிஸில் முறைப்பாட்டை எடுத்தார்கள்.

மறுநாள் காலை மூன்றாம் ஸ்டோரில் புள்ளி இல்லை. பூபாலசிங்கம் மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதான்.

ஏழு மணிக்கு அங்கம்மா வந்து நின்றாள்.

"ராவு கதவத் தட்டினாங்க, சேர். ஆமிக்காரங்க ரவுண்டப்புக்கு ஆள் புடிக்க வந்துட்டாங்கன்னு பயந்து நான் தொறக்கல்ல. புள்ளையக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு மூச்சுவிடாம கெடந்தேன். மெதுவா மூணு தரம் தட்டினாங்க... அப்புறம் சத்தமே இல்ல."

"பிறகு?"

"விடிஞ்சி தொறந்தா... அவரு அன்னைக்குப் போட்டுட்டுப் போன சிலிப்பர். வீட்டுக்குள்ள வர்றப்ப கழட்டி வைப்பாரே, அதே மாதிரி ஜோடியா வாசல்ல இருக்கு. விடியிற வரைக்கும் தாப்பாள் போட்டபடிதாங்க இருந்திச்சி."

அவள் இவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீடு ஒரே அறைதான், சேர். எல்லா எடமும் பார்த்துட்டேன்... எங்கங்க நிக்கிறாரு?"